முதல் வகுப்புச் சம்பந்தி

பதறாதே கண்ணு. வீட்டைக் காலி பண்ணச் சொல்ல நான் வரலை. பதினோரு மாசத்துக்கு எழுதிக் குடுத்துட்டு, மூணாவது மாசமே வந்து கேக்கறதுக்கு நான் என்ன அந்த மாதிரி வீட்டுக்காரியா? சும்மா எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். பொட்டி ரெண்டும் வாசல்லயே இருக்கட்டும். வெயில்ல கெடக்குதேன்னு நீ சொன்னா வேணா நடையில வெச்சுக்கலாம்.

உன் வீட்டுக்காரர் பேங்குக்குப் போயாச்சா? நல்லது. வீட்டை நல்லாத்தான் வெச்சிருக்கே. சோபாவை மட்டும் ஜன்னலை மறைச்சுப் போட்டிருக்கே. பரவாயில்லை, காத்து வேண்டாம்னு நெனக்கறவங்களும் இருப்பாங்கதானே. காபியா? போடு. வேண்டாம்னு சொன்னா நீ சங்கடப்படுவே.

ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்கன்னு கேக்கணும்னு உனக்கு இருக்குது. கேக்க மாட்டே. நாகப்பட்டணத்துல உன்னை மரியாதையா வளத்திருக்காங்க அபிராமி. நானே சொல்லிடறேன். நாளைக்கு இந்த உடுமலைப்பேட்டையில தலைக்கு ஒரு கதை சொல்லுவாங்க. மில்லுக்காரம்மா சுலோசனாவை மகன் வேண்டாம்னு ஊருக்கே தாட்டி உட்டுட்டான்னு சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி நீ நெசத்தைக் கேட்டுக்கோ.

எம்பையன் நந்தகுமார் மெல்போர்ன்ல வீடு கட்டினது உனக்குத் தெரியும். அட்வான்ஸ் வாங்கறப்பவே சொன்னேன். மேல மூணு ரூமு, கீழ ஒரு ரூமு. கீழ இருக்கறது எனக்கு. நானா அப்படி நெனச்சுக்கிட்டேன்னு நெனக்காதே. வீடியோவுல அவனே காட்டினான். "இது உனக்குத்தான்ம்மா, நீ மாடிப்படி ஏற வேண்டாம், பாத்ரூம் பக்கத்துலயே இருக்குது, ஜன்னலைத் தொறந்தா எலுமிச்சை மரம்"னான். அந்த ரூமை நம்பித்தான் உனக்கு இந்த வீட்டையே உட்டேன். கிரைண்டரைத் தம்பி மகளுக்குக் குடுத்தேன். பித்தளைப் பாத்திரத்தையெல்லாம் ஆளுக்கு ஒண்ணாத் தூக்கிக் குடுத்தேன். கோயில்ல கெடா வெட்டி, தெருவுக்கே சோறு போட்டு, இனிமே என்னைப் பாக்கணும்னா பாஸ்போர்ட் எடுத்துட்டு வாங்கன்னு மைக் வெக்காத குறையாச் சொல்லிட்டுப் போனேன்.

கூட வந்தது எங்க சம்பந்தி. மருமக கிருத்திகாவோட அம்மா, தனபாக்கியம்னு பேரு, பெருந்துறைக்காரங்க. என்னை மாதிரியே அவங்களுக்கும் வீட்டுக்காரர் இல்லை. அவங்க கிரகப்பிரவேசத்துக்கு வந்துட்டு ரெண்டு மாசம் இருந்துட்டுப் போறதா ஏற்பாடு. அதனால அவங்களுக்குத் திரும்பி வர்றதுக்கும் சேத்து டிக்கெட் எடுத்திருந்தான். எனக்குப் போறதுக்கு மட்டும்தான். ஆரு வீட்டு மனுசி, ஆரு வந்துட்டுப் போற ஒறம்பரைன்னு இதுலயே தெரியலையா?

தங்கமானவங்க எங்க சம்பந்தி. ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் அவங்ககிட்ட இருக்கற குறை. எதைக் கேட்டாலும் "பரவாயில்லீங்க"தான். கால் ரெண்டும் நீர் கோத்துக்கிட்டுத் தூண் மாதிரி இருக்குது, என்னங்க இதுன்னு கேட்டா, "பரவாயில்லீங்க". டாக்டர் குடுத்த இறுக்கமான சாக்ஸ் ஒண்ணை முட்டி வரைக்கும் மாட்டிக்கிட்டு வந்தாங்க. ரொம்ப நேரம் காலைத் தொங்கப் போட்டுட்டு ஒரே இடத்துல உக்காரக் கூடாதாம். கொச்சியில ஏறினதும் நான் ஜன்னலோரம் உக்காந்தேன். அவங்க நடுவுல. வழியோரம் கேட்டு வாங்கிருக்கலாமில்ல? கேக்கலை. எனக்கென்ன தெரியும்?

நடுவுல ஒரு ஊர்ல விமானம் மாறணும். துபாயோ தோஹாவோ, ஏதோ ஒண்ணு, எல்லாம் பளபளன்னு ஒரே மாதிரிதான் இருக்குது. அங்க ஏறப் போற நேரத்துல எங்க ரெண்டு பேர் பேரையும் கூப்பிட்டாங்க. பொட்டியில வெச்ச ஊறுகாய்ல இருந்து எண்ணெய் வழிஞ்சிருச்சோன்னு நெனச்சேன். போய்ப் பாத்தா விஷயம் வேற. இருக்கற எடத்துக்கு மேல டிக்கெட் வித்துட்டாங்களாம், கல்யாண வீட்டுல இலை பத்தாமப் போற மாதிரி. பின்னாடி ஒரு சீட்டு கொறையுது, முன்னாடி முதல் வகுப்புல ஒரு சீட்டு சும்மா கெடக்குது. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் அங்க போலாம், காசு எதுவும் வேண்டாம்னு அந்தப் பொண்ணு சொல்லுது. பின்னால நின்ன மலையாளத்துக்காரர் ஒருத்தர் எங்களுக்குத் தமிழ்ல சொன்னார்.

சம்பந்தி என்னைப் பாத்து, "நீங்க போங்க"ன்னாங்க.

நானும் சரின்னுட்டேன்.

ஏன் கண்ணு அப்படிப் பாக்கறே? முறை எனக்குத் தெரியாதா? அவங்க "நீங்க போங்க"ன்னு சொல்லணும். நான், "ஐயோ, உங்களுக்குத்தான் காலு முடியலை, நீங்க போங்க"ன்னு சொல்லணும். அவங்க, "அது மரியாதை இல்லீங்க"ன்னு சொல்லணும். நான் மறுபடியும் சொல்லணும். அப்படியே ரெண்டு பேரும் கையைப் புடிச்சு இழுத்துட்டு நிக்கணும். ஆனா பின்னாடி அத்தனை பேர் வரிசையில நிக்கறாங்க. விமானம் என்ன நம்ம சம்பந்தி வீட்டு வேனா, உபசாரம் முடியற வரைக்கும் நின்னுட்டு இருக்க? அடுத்தவங்க நேரத்தை வீணாக்கற பழக்கம் எனக்கு எப்பவுமே கெடையாது.

அதுவுமில்லாம, மாப்பிள்ளையைப் பெத்தவ முதல் பந்தி, பொண்ணைப் பெத்தவ பரிமாறிட்டுக் கடைசிப் பந்தி. இது நான் போட்ட சட்டமா? எம்மாமியார் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் எங்கம்மா விசிறியைப் புடிச்சுட்டு நின்னதை நான் கண்ணால பாத்தவ. அந்த மலையாளத்துக்காரர், "இவங்களுக்குத்தானே காலு சரியில்லை?"ன்னார். ஊர் பேர் தெரியாத ஆளுக்கு எங்க குடும்பத்துல பஞ்சாயத்துப் பண்ண எவ்வளவு ஆசை பாரு. காலு முடியாதவங்க அப்பப்ப நடக்கணும்னு டாக்டர் சொல்லிருக்கார், பின்னாடி சீட்டுன்னா நடக்கறதுக்கு நீளமா வழி இருக்கும்னேன்.

அந்த முதல் வகுப்பைச் சொல்றேன் கேளு. சீட்டுன்னு சொல்லக் கூடாது அதை. உன் சமையல்கட்டு அளவுக்கு ஒரு ரூமு, இழுத்துச் சாத்தற கதவோட. உக்காந்ததும் ஒரு பொண்ணு வந்து முட்டி போட்டு உக்காந்து பேசுது. ஷைனின்னு பேரு, கோட்டயத்துப் பொண்ணு, சுமாராத் தமிழ் வருது. நாற்பது வருசம் ஒரு மில்லுக்கு எஜமானியா இருந்தேன், ஒருத்தி எங்கிட்ட முட்டி போட்டதில்லை. எம்மருமக நின்னுட்டுக்கூடப் பேச மாட்டா, நடந்துக்கிட்டேதான் பேசுவா. "மேடத்துக்கு என்ன வேணும்?"னு ஷைனி கேட்டுது. எனக்கு என்ன வேணும்னு கடைசியா ஆரு கேட்டாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன். ஞாபகம் வரலை. சந்தோசமா இருந்துச்சு கண்ணு. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பச் சந்தோசமா இருந்துச்சு.

தயிர்சோறு கேட்டேன். ஒரு கண்ணாடிக் கிண்ணத்துல ரெண்டு கரண்டி தயிரை ஊத்தி, மேல ஏதோ செவப்புப் பழத்தை வெச்சு, ஒரு இலையைக் குத்திக் கொண்டாந்தாங்க. சோறு எங்கன்னு கேக்கறதுக்கு வெக்கமா இருந்துச்சு. அந்தத் தயிரைத் திங்க மூணு சைஸ்ல ஸ்பூன். ராத்திரி போடற துணின்னு ஒரு பேண்ட்டும் சட்டையும் வெல்வெட்டுப் பையில போட்டுக் குடுத்தாங்க. தம்பிக்கு ஆகும்னு பொட்டியில வெச்சுட்டேன். பித்தானை அமுத்தினா முதுகைப் புடிச்சு உடுது. இன்னொண்ணை அமுத்தினா காலைத் தூக்கி மேல வெக்குது. நல்லா இருக்கற காலுக்கே அவ்வளவு சொகமா இருந்துச்சுன்னா பாத்துக்கோ.

ஒரு குறைதான். கதவைச் சாத்திட்டா பாக்கறதுக்கு ஆளில்லை. இவ்வளவு சொகத்தையும் ஒருத்தர்கிட்டயும் சொல்லாம எப்படி அனுபவிக்கறது? பக்கத்து ரூமுல ஒரு வெள்ளைக்காரர், ஏறினதுல இருந்து போர்வைக்குள்ளதான். சம்பந்தியைச் சித்தெ நேரம் வரச் சொல்லு, வந்து பாத்துட்டுப் போகட்டும்னு ஷைனிகிட்டச் சொன்னேன். பின்னாடி இருக்கறவங்க இங்க வரக் கூடாது மேடம்னு சொல்லிருச்சு. சரி, சட்டம்னா சட்டம். நானாச்சும் போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்திருக்கலாம்தான். ஆனா அந்தக் கதவு, தெரை, அத்தனையும் தாண்டிப் போகணும். எழுந்தா திரும்ப அந்தச் சீட்டை மடக்கத் தெரியாது. ஒரு சாக்லேட்டை எடுத்துக் குடுத்தனுப்பினேன். தங்கக் காகிதம் சுத்தினது. எனக்கு வெச்சிருந்ததுல ஒண்ணு. எந்தச் சம்பந்தி குடுப்பா? ஷைனி திரும்பி வந்து, "அவங்க தாங்க்ஸ் சொன்னாங்க மேடம், ஆனா மூஞ்சி ரொம்ப வாடிக் கெடக்குது"ன்னுது. அவங்க மூஞ்சி எப்பவுமே அப்படித்தான்னு நான் சொன்னேன்.

பொறவு படுக்கை விரிச்சுக் குடுத்தாங்க. படுத்தேன். தலைமாட்டுல ஒரு பித்தான் இருந்துச்சு, அதை அமுத்தினா கதவு மேல செவப்பு விளக்கு எரியும், ஆரும் தொந்தரவு பண்ண மாட்டாங்கன்னு ஷைனி சொல்லிருந்துச்சு. எனக்கு அது வேணும்னு இல்லை. இருக்கறதை எதுக்கு உடணும்னு அமுத்தினேன். சாப்பாட்டைத் தவிர வேற எதுக்கும் எழுப்பாதேன்னும் சொல்லி வெச்சேன்.

நல்ல தூக்கம். தூங்கிட்டுத்தான் இருந்தேன். நடுவுல கதவுகிட்ட ஆரோ வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. ஷைனி போட்டிருந்த செண்டு வாசம். "மேடம்"னு மெதுவாக் கூப்பிட்ட மாதிரியும் இருந்துச்சு. "உங்ககூட வந்தவங்க"ன்னு என்னமோ சொன்ன மாதிரியும் இருந்துச்சு. அரைத் தூக்கத்துல கேக்கறதெல்லாம் கணக்காகுமா? எழுந்தா என்ன சொல்லப் போறாங்க, அந்தம்மாவுக்குக் காலு வலிக்குது, சித்தெ நேரம் எடத்தை மாத்திக்குங்கன்னு சொல்லுவாங்க. வலிக்காம என்ன பண்ணும், நீர் கோத்த காலு. அதுவுமில்லாம ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டுது. ஒரு தடவை கூப்பிட்டா ஆரு கண்ணு எந்திரிப்பாங்க? அவசரம்னா தொட்டு உலுக்க வேண்டியதுதானே. நான் பொரண்டு படுத்தேன். தூக்கத்துல எல்லாரும் பொரண்டு படுக்கறதுதான்.

காபியில சக்கரை சரியா இருக்குது. நல்லாப் போடறே.

மெல்போர்ன்ல எறங்கறப்ப முதல் வகுப்புக்காரங்களை முதல்ல எறக்கி உட்டாங்க. ஷைனி ஓடி வந்து என்னமோ சொல்ல வாயெடுத்துது. நான் அதுக்குள்ள அதோட கையைப் புடிச்சு, நல்லா இரு கண்ணு, சீக்கிரம் கல்யாணம் ஆகட்டும்னு சொல்லிட்டு நடந்துட்டேன். தனி வரிசை, தனி ஆபீசர், பொட்டி எடுக்கறதுக்கு ஒரு ஆளு. சம்பந்தியோட பொட்டியும் சுத்தி வந்துச்சு. பச்சைக் கயிறு கட்டினது, நல்லாத் தெரிஞ்சுது. அவங்க வந்து எடுத்துக்குவாங்கன்னு உட்டுட்டேன். அடுத்தவங்க பொட்டியைத் தொட்டா அங்கெல்லாம் போலீஸ் வந்துரும்.

வெளிய வந்தா நந்துவும் கிருத்திகாவும் பூங்கொத்தோட நிக்கறாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. "ஏம்மா தனியா வர்றே?"ன்னான். "நான் முதல் வகுப்புடா, எங்களை முதல்ல உட்டுட்டாங்க"ன்னேன். வீட்டுக்கு வந்த மாமியாரைப் பாத்து, வாங்க அத்தைன்னு ஒரு வார்த்தை சொல்லணுமில்ல? எம்மருமக கேட்ட முதல் கேள்வி, "அத்தை, எங்கம்மா எங்க?"

"பின்னாடி வருவாங்க"ன்னேன். வேற என்ன சொல்றது, பின்னாடிதானே இருந்தாங்க?

நின்னோம், நின்னோம், நின்னுட்டே இருந்தோம். விமானத்துல வந்த கூட்டமெல்லாம் போயாச்சு. நான் முதல் வகுப்புல என்னென்ன குடுத்தாங்கன்னு நந்துகிட்டச் சொல்லிட்டு இருந்தேன், அவன் கேட்ட மாதிரியே தெரியலை. பொறவு கிருத்திகாவுக்குப் போன் வந்துச்சு. எங்களை வேற ஒரு வழியா உள்ள கூட்டிட்டுப் போனாங்க. சக்கர நாற்காலியில சம்பந்தி. மூக்குல குழாய். உதடு நீலம் பாரிச்சுக் கெடந்துச்சு. கால்ல கட்டின ரத்தம் மேல ஏறி நெஞ்சை அடைச்சிருச்சாம். மூச்சுத் திணறி வழியிலயே சாஞ்சிருக்காங்க. விமானத்துல வந்த டாக்டர் ஒருத்தர் பாத்திருக்கார். படுக்க வெக்க இடமில்லாம, பின்னாடி டீ போடற எடத்துல கீழ கம்பளியை விரிச்சு, வழி நெடுக அங்கயேதான் போட்டிருந்தாங்களாம். அந்த மலையாளத்துக்காரர் பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சுட்டே வந்தாராம். அவர் போகாம அங்கயும் நின்னுட்டு இருந்தார், சம்பந்தியோட பச்சைக் கயிறு கட்டின பொட்டியை வெச்சுக்கிட்டு. என்னைப் பாத்தார்.

கூட வந்த விமானக்காரங்க கிருத்திகாகிட்ட இங்கிலீசுல என்னமோ சொன்னாங்க. நந்து எனக்குச் சொல்லலை. கிருத்திகாதான் சொன்னா. "முன்னாடி இருந்த அம்மாவை எழுப்பிப் பாத்தாங்களாம் அத்தை. அவங்க எந்திரிச்சிருந்தா அந்தப் படுக்கையில எங்கம்மாவைப் படுக்க வெச்சிருக்கலாமாம்." அவ்வளவுதான் சொன்னா. சண்டை போடலை, சத்தம் போடலை. போட்டிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு ஒழுங்காச் சண்டை போடக்கூடத் தெரியறதில்லை.

சம்பந்தி மூச்சு வாங்கிட்டே மக கையைப் புடிச்சு, "அவங்களை ஒண்ணும் சொல்லாதே, நான்தான் போகச் சொன்னேன்"னாங்க. கேட்டியா? அவங்களே சொல்லிட்டாங்க, எல்லார் முன்னாலயும். அதுக்கு மேல என்மேல என்ன தப்பு சொல்ல முடியும்? ஆனா அந்தம்மா அப்படிச் சொல்லாம இருந்திருக்கலாம். சொன்னதுல இருந்து நந்து எம்மூஞ்சியைப் பாத்துப் பேசறதை உட்டுட்டான்.

ஆஸ்பத்திரியில வெச்சிருந்துட்டு வீட்டுக்கு அனுப்பினாங்க. மாடிப்படி ஏறக் கூடாது, தனியா உடக் கூடாது, பல மாசத்துக்கு விமானம் ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கீழ இருக்கறது ஒரே ஒரு ரூமு. ஆருக்குப் போகும்? அதே எலுமிச்சை மரம், அதே ஜன்னல், அதே பக்கத்து பாத்ரூம். நான் மேல. மேல மூணு ரூமுல ஒண்ணு நந்துவுக்கும் கிருத்திகாவுக்கும், ஒண்ணு கம்ப்யூட்டருக்கு, ஒண்ணு உடற்பயிற்சி சைக்கிளுக்கு. சைக்கிளும் நானும் ஒரே ரூமு. கிரகப்பிரவேசம் நடந்துச்சு, பால் பொங்குச்சு. சம்பந்தியை நாற்காலியில உக்கார வெச்சு, முதல் டம்ளர் பாலை அவங்களுக்குக் குடுத்தா எம்மருமக. பெத்தவ முடியாம இருக்கறா, பரவாயில்லைன்னு நான் ஒண்ணும் சொல்லலை. மூஞ்சியிலயும் காட்டிக்கலைன்னுதான் நெனக்கறேன்.

வீட்டுல எல்லாரும் மரியாதையாத்தான் இருந்தாங்க. "அத்தை, காபி." "அத்தை, சாப்பாடு." "அத்தை, துணி இருந்தாப் போடுங்க." ஒறம்பரை வந்தவங்ககிட்டப் பேசற மாதிரி. கீழ ரூமுல இருந்து மட்டும் சிரிப்புச் சத்தம் கேக்கும். அந்த மலையாளத்துக்காரர் அதே ஊர்ல பொண்ணு வீட்டுக்கு வந்தவராம், குடும்பத்தோட வந்து பாத்துட்டுப் போறார். சம்பந்தி அவரை அண்ணான்னு கூப்பிடறாங்க. ஒரே நாள்ல அண்ணன், தம்பி, அண்ணிமார், பேசறதுக்கு ஆளு, எல்லாம் கெடச்சிருச்சு அவங்களுக்கு. மூக்குல குழாயோட.

ஒரு நாள் நந்து, வாம்மா கடைக்குப் போலாம்னு காருல கூட்டிட்டுப் போனான். கடைக்குப் போகலை. ஒரு பூங்காகிட்ட வண்டியை நிறுத்திட்டு, "நீ அவங்ககிட்டப் போய் எப்படி இருக்கீங்கன்னு ஒரு நாளாச்சும் கேட்டியாம்மா?"ன்னான். கேக்காம என்ன? கேட்டேன். காலு எப்படி இருக்குது, எப்ப நடப்பீங்க, ரூமு எப்பக் காலியாகும்னு தெளிவாத்தான் கேட்டேன். அவன் ஸ்டியரிங்கையே பாத்துட்டு இருந்தான். பொறவு கேட்டான், "அன்னைக்கு நெசமாவே தூங்கிட்டுத்தான் இருந்தியா?"

பெத்த தாயைப் பாத்துக் கேக்கற கேள்வியா கண்ணு இது? நீயே சொல்லு. இதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு இருப்பாங்களா? கண்ணாடி வழியா வெளிய பாத்துட்டு இருந்தேன். நாயைக் கூட்டிட்டு நடக்கறவங்க நடந்துட்டு இருந்தாங்க. அவன் ரொம்ப நேரம் காத்துட்டு இருந்தான். பொறவு வண்டியை எடுத்தான்.

அந்த வாரமே டிக்கெட் வந்துச்சு. "கிருத்திகாவுக்குக் கொஞ்ச நாள் ஆகணும்மா. நீ ஊருக்குப் போயிட்டு வா"ன்னான். எப்ப வர்றதுன்னு அதுல போடலை. ஆனா என்ன டிக்கெட் தெரியுமா? முதல் வகுப்பு. காசு குடுத்து, அவனே எடுத்தான். எவ்வளவுன்னு நான் கேக்கலை. இந்த ஊர்ல எத்தனை வெளிநாட்டு மகனுங்க இருக்கானுங்க, ஒருத்தன் பெத்தவளை முதல் வகுப்புல அனுப்பியிருப்பானா? ஏர்போர்ட்ல என்னைக் கட்டிப் புடிச்சுட்டு, "நீ நல்லாப் படுத்துத் தூங்கிட்டே போலாம்மா"ன்னான். அவன் கண்ணுல தண்ணி. பாசம் இல்லாமலா?

வர்றப்பவும் எல்லாம் குடுத்தாங்க. அதே வெல்வெட்டுப் பை, அதே ஸ்பூன், முட்டி போட இன்னொரு பொண்ணு. என்ன வேணும் மேடம்னு கேட்டுது. ஒண்ணும் வேண்டாம்னேன். படுக்கை விரிச்சுக் குடுத்தாங்க. படுக்கலை. உக்காந்துட்டேதான் வந்தேன். ஏன்னு கேக்காதே, எனக்குத் தெரியாது. அந்தம்மா கீழ படுத்துக் கெடந்தப்ப அந்தத் தரை சில்லுனு இருந்திருக்குமோன்னு ஒரு நெனப்பு வந்துட்டே இருந்துச்சு. வேற நெனப்பு வரலை. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

இப்ப தாராபுரத்துல தம்பி வீட்டுக்குப் போலாம். தாராளமாப் போலாம். அவன் பொண்டாட்டிக்கு என்மேல உசிரு. "என்னங்க அண்ணி, எங்களைப் பாஸ்போர்ட் எடுத்துட்டு வரச் சொன்னீங்க, நீங்களே வந்துட்டீங்க"ன்னு சிரிச்சுட்டே கேப்பா. அந்தச் சிரிப்பைப் பாத்துட்டு அங்க ஒரு வாய் சோறு எறங்குமா? அதுக்காகத்தான் கொச்சியில எறங்கி நேரா இங்க வந்தேன். வேற ஒண்ணுமில்லை. எந்த வீட்டை எங்கே பூட்டி வெச்சிருக்கேன் நான், போறதுக்கு?

மணி ஆயிருச்சு. கெளம்பட்டுமா?

என்ன சொன்னே? இருந்துட்டுப் போங்கம்மாவா?

சோத்துக்குச் சொல்றியா, இல்லை சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்றியா? எதுக்கோ சொல்லிட்டே. நான் கேக்கலை, பாத்துக்கோ, நீயாத்தான் சொன்னே. நாளைக்கு உன் வீட்டுக்காரர் வந்து கேட்டா, மில்லுக்காரம்மா தானா வந்து உக்காந்துட்டாங்கன்னு சொல்லக் கூடாது. நாகப்பட்டணத்துக்காரங்க ஒரு தடவை சொன்னாலும் மனசோடதான் சொல்லுவாங்க, எனக்குத் தெரியும். நீ இவ்வளவு தூரம் சொல்றப்ப நான் எந்திரிச்சுப் போனா அது உனக்கு மரியாதையா இருக்காது.

சரி, இருக்கேன். எந்த ரூமுன்னு மட்டும் நீயே சொல்லிரு கண்ணு.